கட்டி சார்க்: பிளாஸ்டிக்கில் கட்டலாமா, மரத்தில் கட்டலாமா?

மாதிரிக் கப்பல் செய்யும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கப்பல்களில் ஒன்றில் போய் விழுவார்கள். ஒன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி, மற்றது கட்டி சார்க் (Cutty Sark). விக்டரியில் 104 பீரங்கி. ஒவ்வொன்றுக்கும் சக்கரம் ஒட்டிக் கயிறு கட்டி முடிப்பதற்குள் கப்பல் மேலேயே வெறுப்பு வந்துவிடும் என்று பயந்து, நான் கட்டி சார்க்கில் விழுந்தேன். அதுவும் இரண்டு முறை: முதலில் பிளாஸ்டிக், அப்புறம் மரம். முதலாவதற்குப் பதினாலு மாதம் பிடித்தது, இரண்டாவதற்கு மூன்றரை வருடம். இரண்டும் என்னிடம் இருப்பதால், புதிதாக வருகிறவர்கள் "எதை வாங்கலாம்?" என்று கேட்கும்போது ஏதோ சொல்லத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம். 1869-இல் ஸ்கொட்லாந்தின் டம்பார்டனில் கட்டியது. சீனத் தேயிலையை லண்டனுக்கு வேகமாகக் கொண்டுவரவே பிறந்த கப்பல். அதே வருடம் சூயஸ் கால்வாயும் திறந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் தேயிலையை அள்ளிக்கொண்டு போக, இது பின்னாளில் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றப் போனது. 1954 முதல் கிரீனிச்சில் உலர்துறையில் நிற்கிறது. 2007-இல் தீப்பிடித்து, 2012-இல் மறுபடி திறந்தார்கள். இப்போது கப்பலை மேலே தூக்கி நிறுத்தியிருப்பதால் அடிவயிற்றுக்குக் கீழேயே நடந்து போகலாம். லண்டனில் இருந்து இதைக் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு கயிறு எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தால் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பிளாஸ்டிக்கில் ஏர்ஃபிக்ஸ் என்ற மாதிரிப் பொருள் கம்பனி 1:130 அளவில் ஒன்று போட்டது, ரெவெல் கம்பனி 1:96 அளவில் ஒன்று. அசல் கப்பல் முன்கம்பத்து நுனியிலிருந்து கடைசிவரை 85 மீட்டர் நீளம். அப்படியானால் ஏர்ஃபிக்ஸ் சுமார் 65 சென்டிமீட்டர், ரெவெல் 89 வரும். அலமாரிக்கு ஏர்ஃபிக்ஸ், கண்ணுக்கு ரெவெல். சின்ன அளவில் கயிறு கட்டுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கயிறு சிறுக்கும், நம் விரல் சிறுக்காது.

பிளாஸ்டிக்கின் பலம், உடம்பு முதல் நாளே கையில் வந்துவிடுவது. இடப்பாதி, வலப்பாதி, நடுவில் தளம். ஒரு வாரத்தில் கப்பல் போலத் தோன்றிவிடும். பலவீனம் கயிறு கட்டும்போதுதான் தெரியும். பாய்மரத்தின் மேல்நுனிகளும், பாய் கட்டும் குறுக்குக் கம்புகளான பருமல்களும் ஈர்க்குச்சி மாதிரி. நூலைக் கொஞ்சம் இழுத்தால் வளைந்து கொடுக்கும். அடுத்த நூலைக் கட்டினால் முதல் நூல் தொய்ந்துவிடும். நான் மூன்று மாதம் இந்தச் சறுக்குமரத்தில் ஏறி இறங்கிய பிறகுதான், மேல்மரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மரக்குச்சியைச் சீவி வைக்கலாம் என்ற புத்தி வந்தது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாய்களையும் விட்டுவிடலாம். பாய் இல்லாத கட்டி சார்க் துறைமுகத்தில் நிற்பது போல இருக்கும்; அந்தப் பாயோடு நின்றால் முட்டை ஓடு மாட்டியது போல இருக்கும்.

சரி, மரம். ஆர்ட்டெசானியா லத்தீனா என்ற கம்பனி 1:84-இல் ஒன்று விற்கிறது, செர்கால் 1:78-இல். இரண்டுமே ஒரு மீட்டரைத் தாண்டும். விலை பல நூறு பவுண்ட் வரும். பெட்டியைத் திறந்தால் கப்பல் இருக்காது. ஒட்டுப்பலகையில் வெட்டிய ஏரா (கப்பலின் முதுகெலும்பு), அதில் செருக வேண்டிய குறுக்குச் சட்டங்கள், கட்டுக் கட்டாக மெல்லிய பட்டைகள். ஏராவும் சட்டமும் கோணல் இல்லாமல் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று புத்தகங்கள் சொல்லும். பாதியெல்லாம் இல்லை, பத்தில் ஒன்று.

உண்மையான வேலை பட்டை போர்த்துவது. ஒவ்வொரு பட்டையையும் தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, அணியத்துப் (கப்பலின் முன்முனை) பக்கம் அகலத்தைச் சீவி, சட்டத்தில் ஊசி குத்திப் பசை காயும்வரை பிடித்து வைக்க வேண்டும். வலப்பக்கம் ஒன்று போட்டால் உடனே இடப்பக்கம் ஒன்று போட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் ஒரே பக்கம் ஆறு பட்டை போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் ஏரா வாழைப்பழம் போல வளைந்திருந்தது. ஆறையும் கழற்றினேன். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

அத்தனை பாடுபட்டு முதல் போர்வை முடிந்ததும், அதன் மேல் இரண்டாவதாக மெல்லிய போர்வை. இங்கேதான் கட்டி சார்க்கில் எனக்குப் பெரிய மனத்தாங்கல். அசல் கப்பலின் மேலுடம்பு கறுப்பு வர்ணம். நீருக்குக் கீழே பொன்னிறமான மன்ட்ஸ் உலோகத் தகடு (செம்பும் துத்தநாகமும் கலந்தது). அதாவது காசு கொடுத்து வாங்கி, வருடக் கணக்கில் இழைத்த மரம் முழுவதையும் வர்ணத்துக்கும் தகட்டுக்கும் அடியில் புதைக்கிறோம். முடிந்த பிறகு என் இரண்டு கப்பல்களையும் மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவர்களுக்கு உடம்பில் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் பிளாஸ்டிக்கின் தகட்டு வரிசைதான் நேர்த்தி. அச்சில் வார்த்தது கோணாது. மரத்தில் நான் செப்பு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியதில் பதினேழாம் வரிசைக்கு மேல் மலையேறத் தொடங்கிவிட்டது.

ஆகவே கட்டி சார்க்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் வாங்குங்கள், மேல்மரங்களை மட்டும் மரத்தில் மாற்றுங்கள். மரத்தில்தான் செய்வேன் என்று நிற்பவர்கள் மரம் வெளியே தெரியும் கப்பலாகப் பாருங்கள். ஸ்டாக்ஹோமில் 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் மேலே வந்த வாசாவுக்கும் மரக் கிட்கள், அதாவது பாகங்கள் வெட்டி அடுக்கிய பெட்டிகள், உண்டு. ஆனால் அதன் சிற்பங்கள் தொடக்கக்காரரைத் தின்றுவிடும். ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல் ஒன்றில் தொடங்குவது நல்லது.

ஆனாலும் மரத்தின் மூன்றரை வருடத்தை நான் விற்க மாட்டேன். காரணம் கப்பல் இல்லை, மேசை. பிளாஸ்டிக்கை ஏறக்குறைய தனியாகத்தான் கட்டினேன். சாமணம், வர்ணம், பசை நெடி. பக்கத்தில் யாரும் இருந்தால் இடைஞ்சல். பட்டை போர்த்த இரண்டு கை போதவில்லை. அப்படித்தான் லண்டன் ஹரோவில் ஓர் அண்ணையின் சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஞாயிறு பின்னேரம், நாலு பேர், நாலு கப்பல். ஒருவர் பட்டையை அமத்திப் பிடிக்க மற்றவர் ஊசி குத்துவார். பசை காயும் நேரம் முழுவதும் கதை. ஏழு மணிக்கு அந்த வீட்டு அக்கா வந்து மேசையைத் துடைக்கத் துணியோடு நிற்பா. அதுதான் எங்கள் மணி.

கயிற்றேணி கட்டும்போது நிலைமை தலைகீழ்: பிடிக்க ஆள் வேண்டாம், பேச ஆள் வேண்டும். பாய்மரத்தை இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளில் குறுக்கே படி போல நூல் கட்ட வேண்டும். ஐந்து கயிறு, முப்பது படி என்று வைத்தாலே ஒரு பக்கத்துக்கு 150 முடிச்சு. மூன்று பாய்மரம், இரு பக்கம்: 900. மேலடுக்குகள் கணக்கில் இல்லை. இதைத் தனியாகச் செய்தால் தண்டனை, பேசிக்கொண்டே செய்தால் கை தானாகப் போகும். நூலை முதலில் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிர் அடங்கும். இதில் பிளாஸ்டிக் கப்பலும் மரக் கப்பலும் ஒன்றுதான். பிளாஸ்டிக் கட்டுகிறவரும் இந்தக் கட்டத்தில் மேசைக்கு வந்துவிடலாம்.

காகிதத்தில் கட்டுகிறவர்கள் உண்டு. போலந்தில் 1957-இல் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். செலவு குறைவு, ஈரம் பட்டால் போச்சு. போத்தலுக்குள் கட்டுவது வேறு வித்தை: பாய்மரங்களை மடக்கி உள்ளே விட்டு நூலால் இழுத்து நிமிர்த்துவார்கள். பார்க்க அழகு, எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொரு வழி, கிட் எதுவும் வாங்காமல் நாமே கட்டுவது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற இரண்டு பாய்மரக் கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிப்போய் 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அதற்குக் கிட் எங்கே? பழைய புகைப்படங்களை வைத்து அளவெடுத்து, வரைந்து, வங்குகளை (குறுக்குச் சட்டங்களை) நாமே அறுக்க வேண்டும். கட்டும் நேரத்தைவிடக் கேட்கும் நேரம் அதிகம். ஆனால் இதுவரை எங்கள் மேசைக்கு வராத ஆட்களெல்லாம் இதற்காகத் தொலைபேசியில் வருகிறார்கள். போன மாதம் ஏராவும் முதல் ஆறு வங்கும் நிறுத்திப் படம் அனுப்பினோம். ஊரில் ஓடாவி (கப்பல் கட்டும் தச்சர்) குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "தம்பி, அணியம் இவ்வளவு நிமிர்ந்து நிக்காது" என்றார். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் இருவர் ஒத்துக்கொண்டோம். இப்போதைக்கு அணியத்துக் கட்டையை மட்டும் கழற்றி வைத்திருக்கிறோம்.