பாளையங்கோட்டை வேஷக் கடையின் ‘பிரேசில் செட்’: மேடைக்குச் சரி, ஊர்வலத்துக்கு?

குலசை தசராவுக்குக் காளி, குரங்கு, ராஜா வேஷம் வாடகைக்கு விடும் பாளையங்கோட்டைக் கடை ஒன்றில் இப்போது பிரேசிலின் ரியோ நகரத்துக் கார்னிவல் திருவிழா உடையும் கிடைக்கிறது. இறகு வைத்த முதுகுச் சட்டம், கிரீடம், சமிக்கி வைத்த மேலாடை, முகமூடி எல்லாம் சேர்ந்து இரண்டு நாள் வாடகை 1,800 ரூபாய்.

முகமூடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். அது இத்தாலியின் வெனிஸ் ஊர்க் கார்னிவல் வழக்கம். ரியோவில் சம்பா ஆட்டத்துக்கான பேட்டை மன்றங்களை ‘சம்பா பள்ளி’ என்பார்கள். அதன் அணியில் நடப்பவர்கள் அந்த வருஷத்துப் பாட்டை வாய்விட்டுப் பாடியாக வேண்டும், முகமூடி அதற்குத் தடை. பாட்டும் அணியும் இசைந்து போகிறதா என்று பார்த்துப் போட்டி நடுவர்கள் தனியாக மார்க் போடுவார்கள்.

சமிக்கி வேலையில் குறை சொல்ல இடமில்லை. தசராவுக்கு வருஷக்கணக்கில் தைத்த கை அது. கோளாறெல்லாம் முதுகுச் சட்டத்தில்தான். கிட்டத்தட்ட 4 கிலோ எடையை ஸ்கூல் பை மாதிரி இரண்டு தோள் வாரில் மட்டும் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆடத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் சட்டம் பின்னால் இழுக்கும், ஆடுபவர் முன்னால் கூனுவார், வார் கழுத்தெலும்பை அறுக்கும். இடுப்புக்கு ஒரு நைலான் பெல்ட்டும் தோளுக்கு ஒரு இஞ்ச் பஞ்சும் கேளுங்கள். கேட்டால் தைத்துத் தருகிறார்கள். ரியோவில் அணிகள் ஊர்வலம் போகும் பாதையான சம்பாட்ரோமோ சுமார் 700 மீட்டர் நீளம். அணி மொத்தமும் அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடந்தபடியே ஆடத்தான் அந்த உடை. இந்தச் செட்டோ மேடையில் ஒரு பாட்டுக்கு நிற்பதற்காகச் செய்தது.

இறகு சாயம் போட்ட கோழி இறகு. அதில் தப்பில்லை, தீக்கோழி இறகு விலைக்குக் கட்டாது. ஆனால் வெறும் சூட்டுப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் காருக்குள் பூட்டி வைத்தால் பசை இளகி இறகு தலை சாய்ந்துவிடும். காம்பைக் கட்டுக்கம்பியால் சட்டத்தோடு கட்டி, அதன்மேல் பசை வைத்தால்தான் நிற்கும். வாங்கும்போது நடு இறகை லேசாக முறுக்கிப் பாருங்கள். காம்பு சுழன்றால் உள்ளே கம்பி இல்லை. ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு இறகைத் துடைத்தும் பாருங்கள். சாயம் ஏறினால் வியர்வையில் முதுகெல்லாம் சிவப்பாகும். குலசைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கை விரித்த அகலத்தைத் தாண்டிய சட்டமே வேண்டாம். காற்று ஆளைத் திருப்பிவிடும்.

பையானாப் பாவாடை என்னும் அகலமான வளையப் பாவாடையும் தனியாகக் கிடைக்கிறது. துணியும் லேஸும் அருமை. அடிவளையத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் குழாய் மட்டும் இணைப்பில் கழன்று, சுற்றும்போது ஒரு பக்கம் குத்தி நிற்கிறது. இணைப்புக்குள் விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைச் செருகி டேப் சுற்றினால் போதும். பிரேசிலின் பாயியா மாநிலத்திலிருந்து ரியோவுக்கு வந்து சம்பாவை வளர்த்த சியாட்டா போன்ற பெண்களுக்கு மரியாதையாக ஒவ்வொரு பள்ளியும் இந்தப் பாவாடை கட்டிய அணியை இறக்குகிறது. குட்டைப் பாவாடையாக வெட்டித் தரச் சொல்லாதீர்கள்.

செட்டோடு தரும் அறிமுகச் சீட்டை மைக்கில் அப்படியே வாசிக்க வேண்டாம். ‘400 வருஷப் பழமையான நடனப் பள்ளிகள்’ என்று போட்டிருக்கிறது. பழையது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த எந்த்ரூதோ: கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் முன் தெருவில் தண்ணீரும் மாவும் வீசி அடிக்கும் கூத்து. சம்பா பள்ளி என்பது பேட்டைக்காரர்கள் கூடி நடத்தும் மன்றம், வகுப்பு எடுக்கும் இடமில்லை. முதலாவதாகச் சொல்லப்படும் ‘தெய்ஷா ஃபலார்’ 1928இல் எஸ்தாசியோ பகுதியில் தொடங்கியது. போட்டி 1932இல் வந்தது. ஆஸ்கார் நீமையர் வடிவமைத்த சம்பாட்ரோமோ திறந்தது 1984இல்.

டெபாசிட் 3,000 ரூபாய். உடைந்த இறகுக்குத் தனியாகப் பிடிக்கிறார்கள், அதனால் எடுக்கும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் தையல் மாற்றம் எதுவும் செய்து தரமாட்டார்கள். பெல்ட் வைக்க வேண்டுமென்றால் ஆவணியிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள்.