முழு எண்களை வகைப்படுத்தும் இணையச் சேவை: ஒரு மதிப்புரை

ஒரு முழு எண்ணை உள்ளிட்டால் அதன் பகாக் காரணிகள், வகுத்திகள், வகைப்பாடுகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தரும் இணையச் சேவைகள் பல உள்ளன. அவற்றுள் நான் பயன்படுத்திவரும் ஒன்றை, பகா எண்ணா என்று பார்க்கும் சோதனைகளை ஏமாற்றுவதில் பெயர்பெற்ற 3215031751 என்ற எண்ணைக் கொண்டு மதிப்பிட்டேன்.

மில்லர்–ராபின் சோதனை, தேர்ந்தெடுத்த சில எண்களை வைத்து, ஓர் எண் பகா எண்ணைப் போல நடந்துகொள்கிறதா என்று பார்ப்பது. 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களை வைத்து அதைச் செய்தால், இவ்வெண் பகா எண்ணைப் போலவே தேறிவிடும். 2500 கோடிக்குக் கீழ் அவ்வாறு தேறும் பகு எண் இது ஒன்றே. ஆகவே அந்த நான்கோடு நின்றுவிடும் எந்த நிரலும் இதைப் பகா எண் என்றே அறிவிக்கும். இச்சேவை ஏமாறவில்லை, 151 × 751 × 28351 என்று உடனே பிரித்துக் காட்டியது. வகுத்திகள் 8, அவற்றின் கூடுதல் 3240747008, ஆய்லர் சார்பின் மதிப்பு (இவ்வெண்ணோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய நேர்ம முழு எண்களின் எண்ணிக்கை) 3189375000 என்ற விடைகளைக் கையால் சரிபார்த்தேன், பிழையில்லை. தன்னை நீக்கிய வகுத்திகளின் கூடுதல் 25715257 மட்டுமே என்பதால், குறைவெண் என்ற வகைப்பாடும் சரியானதே.

ஆனால் இவ்வெண்ணின் தலையாய பண்பையே பக்கம் சொல்லவில்லை: இது ஒரு கார்மைக்கேல் எண், அதாவது ஃபெர்மா சோதனையில், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும், பகா எண்போலத் தேறிவிடும் பகு எண். காரணிகள் மீளாத ஒரு பகு எண்ணில், ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1 கழித்துக் கிடைப்பது, அவ்வெண்ணிலிருந்து 1 கழித்ததை மீதியின்றி வகுத்தால் அது கார்மைக்கேல் எண் என்பது கணிதவியலாளர் கோர்செல்ட் 1899இல் தந்த அளவுகோல். இங்கே 150, 750, 28350 மூன்றும் 3215031750ஐ வகுக்கின்றன. காரணிகளைக் கண்டுபிடித்துவிட்ட சேவைக்கு எஞ்சியிருந்தவை மூன்றே வகுத்தல்கள். அவற்றைச் செய்யாமல், இலக்கங்களின் கூடுதல் 28 என்பதையும் தலைகீழாக எழுதிய எண்ணையும் முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். அவை பத்தடிமான எழுத்துமுறையின் பண்புகளே. வேறு அடிமானத்தில் எழுதினால் மாறிவிடும். எண்ணுக்கே உரிய பண்புகளோடு அவற்றைக் கலந்து வைப்பது, புதிதாகக் கற்பவரைத் தவறான திசையில் செலுத்தும் என்றே கருதுகிறேன்.

பெரிய எண்களில் வேகம் பாராட்டத்தக்கது. 2^67 − 1 பகு எண் என்பதை, காரணி எதையும் அறியாமலே கணிதவியலாளர் லூக்கா 1876இல் நிறுவினார். மற்றொரு கணிதவியலாளரான கோல் 1903இல்தான் 193707721 × 761838257287 என்ற காரணிகளை அறிவித்தார். அவற்றை இச்சேவை காத்திருக்க வைக்காமல் தருகிறது.

27 இலக்கங்கள் கொண்ட 2^89 − 1ஐ உள்ளிட்டபோது, "பகா எண்" என்ற தீர்ப்பு மட்டும் வந்தது. தீர்ப்பு சரியானதுதான். எனினும் அது, இவ்வடிவ எண்கள் பகா எண்களா என்பதை ஐயமின்றி முடிவுசெய்யும் லூக்கா–லெமர் சோதனையால் நிறுவப்பட்டதா, வாய்ப்பு அடிப்படையிலான சோதனையில் தேறியதா என்ற விளக்கம் எங்கும் இல்லை. காரணிகளை எவரும் பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பகா எண் என்ற கூற்றுக்கோ சான்று வேண்டும். அச்சான்றை இணைக்கும்வரை, இச்சேவை தரும் காரணிகளை ஏற்றுக்கொண்டு, பகா எண் என்று அது சொல்வதை மட்டும் நிறுவல் தரும் வேறொரு நிரலில் சரிபார்த்த பின்பே பயன்படுத்துவேன்.