களத்தின் விதியும் வெற்றியின் நியாயமும்: நான்கு மாயாஜாலப் படங்கள்

மந்திரம் புழங்கும் உலகில் ஒரு போட்டியை நடத்திக் காட்டுவது எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் எளிதான வேலையன்று. தோற்கும் தறுவாயில் இருப்பவர் நாம் கேட்டேயிராத மந்திரம் ஒன்றை உச்சரித்துத் தப்பிவிடலாம் என்றால், பார்க்கிற நாம் எதற்காகப் பதைபதைக்க வேண்டும்? ஆகவே இவ்வகைப் படங்களை நான் ஒரே அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்: களத்தின் விதி நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா, வெற்றி அந்த விதிக்குள்ளிருந்தே பிறந்ததா?

1963-இல் டிஸ்னி வெளியிட்ட 'தி சோர்ட் இன் தி ஸ்டோன்' அனிமேஷன் படத்தில் மந்திரவாதி மெர்லினும் சூனியக்காரி மேடம் மிம்மும் மோதும் சில நிமிடங்களை, இந்த அளவுகோலில் மிஞ்சிய வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை. மோதலுக்கு முன் மிம்மே விதிகளை அறிவிக்கிறாள்: விலங்காக மட்டுமே உருமாறலாம், செடிகொடியாகவோ கல்லாகவோ மாறக்கூடாது, இளஞ்சிவப்பு டிராகன் போன்ற கற்பனைப் பிராணிகள் கூடாது, மறைந்துபோகவும் கூடாது. ஏமாற்றக்கூடாது என்ற நான்காவது விதியை மெர்லின் சேர்க்கிறார். முதுகு காட்டி அடியெண்ணி நடக்கும்போதே மிம் மறைந்துபோகிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்பது அந்த நொடியிலேயே விளங்கிவிடுகிறது. புழுவாகக் கிடக்கும் மெர்லினைக் கொத்த அவள் கோழியாக வருகிறாள். அவர் வால்ரஸாகி அவள்மேல் விழுகிறார். அவள் யானையானால் அவர் சுண்டெலியாகிறார். ஒவ்வொரு உருவமும் முந்தைய உருவத்துக்கான விடையாக அமைவதாலும், அவருடைய உருவங்கள் நீலத்திலும் அவளுடையவை ஊதாவிலுமே இருப்பதாலும், எவ்வளவு வேகமாக மாறினாலும் யார் யாரென்ற குழப்பம் நமக்கு வருவதில்லை.

முடிவுதான் இதன் உச்சம். மிம் டிராகனாக மாறுகிறாள். தடை செய்யப்பட்ட உருவமாயிற்றே என்று கேட்டால், ஊதா டிராகன் கூடாதென்று தான் சொல்லவேயில்லை என்கிறாள். உடனே மெர்லின் காணாமற்போகிறார். மறைந்துவிட்டார், ஏமாற்றிவிட்டார் என்று அவள் கூச்சலிடும்போது, தாம் நோய்க்கிருமியாகச் சிறுத்திருப்பதாகவும் அந்த நோய் அவளைத் தொற்றிவிட்டதாகவும் பதில் வருகிறது. கிருமியை விலங்கில் சேர்க்கலாமா என்று உயிரியல் படித்தவர்கள் கேட்கக்கூடும். ஆயினும் அது கற்பனைப் பிராணியும் அன்று, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மறைந்துபோனதும் அன்று. விதியை வளைத்தவளை விதிக்குள் நின்றே வீழ்த்திய இந்த வெற்றியில், மந்திரத்தைவிட மதிக்குத்தான் பங்கு அதிகம்.

1987-இல் ராப் ரைனர் இயக்கிய 'தி பிரின்சஸ் பிரைட்' இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. மலையுச்சியில் இனிகோ மொன்டோயாவும் முகமூடி அணிந்த வெஸ்ட்லியும் வாள்வீசும்போது மந்திரமும் இல்லை, வாய்விட்டுச் சொல்லப்பட்ட விதியும் இல்லை. ஆனால் பாறையில் தொங்கும் எதிராளிக்குக் கயிறு வீசி மேலேற்றி, அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, தன் தந்தை கொல்லப்பட்ட கதையையும் சொன்ன பிறகே இனிகோ வாளெடுக்கிறார். அந்தக் காத்திருப்பிலேயே களத்தின் அறம் நமக்குப் புரிந்துவிடுகிறது. சண்டையின் நடுவே இருவரும் பேசிக்கொள்ளும் அக்ரிப்பா, கபோ ஃபெர்ரோ முதலானோர் உண்மையாகவே வாழ்ந்த வாள்வீச்சு ஆசான்கள். அக்ரிப்பாவின் நூல் 1553-லும் கபோ ஃபெர்ரோவின் நூல் 1610-லும் வெளிவந்தன. தோற்கும் நிலையில் இனிகோ தாம் இடக்கையர் அல்லர் என்று சொல்லி வாளை வலக்கைக்கு மாற்றுகிறார். சற்று நேரத்தில் வெஸ்ட்லியும் அதையே செய்கிறார். மறைத்து வைத்த திறமை கடைசியில் வெளிப்படுவது என் அளவுகோலுக்குச் சற்று இடறல்தான். ஆனால் நடிகர்கள் கேரி எல்வெஸும் மேண்டி பட்டின்கினும், பாப் ஆண்டர்சன், பீட்டர் டயமண்ட் ஆகியோரிடம் இரு கைகளாலும் வாள்வீசப் பயின்று, இக்காட்சியின் பெரும்பகுதியைத் தாங்களே நடித்திருப்பதால், அந்தத் திறமை கண்முன் மெய்யாகவே நிகழ்கிறது. வாள்வீச்சின் அழகை மட்டும் கணக்கில் கொண்டால் நான்கில் இதற்கே முதலிடம்.

'மார்ட்டல் காம்பாட்' (1995) பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வேற்றுலக வீரர்கள் சண்டைப் போட்டியில் பத்து முறை தொடர்ந்து வென்றால் பூமி பறிபோகும், ஒன்பது முறை ஏற்கெனவே வென்றாகிவிட்டது என்று ஒரே வரியில் பணயத்தை நிறுவிவிடும் சிக்கனம் பாராட்டத்தக்கது. நான்கு கைகள் கொண்ட கோரோவுடன் மோதும் வாய்ப்புக்காகப் பூமியின் வீரர் ஜானி கேஜ் செய்யும் பேரம், பின்னர் சக வீராங்கனை சோன்யா கடத்தப்படுவதற்கு வழிவிடுவதும் நல்ல முடிச்சு. ஆனால் எத்தனை சுற்றுகள், யாரை வென்றவர் யாருடன் மோதுகிறார் என்ற ஒழுங்கு இறுதிவரை தெளிவாவதில்லை. 2021-இல் வெளிவந்த புதிய படமோ போட்டி தொடங்குமுன்பே வீரர்களைக் கொல்ல ஆளனுப்பிவிட்டு, போட்டியையே காட்டாமல் முடிந்துவிடுகிறது. அந்த ஏமாற்றத்துக்குப் பின் 1995-ஆம் ஆண்டுப் படத்தின்மீது மதிப்பு கூடியது.

மைக் நியூவெல் இயக்கிய 'ஹாரி பாட்டர் அண்ட் தி காப்லெட் ஆஃப் ஃபயர்' (2005) முழுக்கதையையும் போட்டியின்மீதே கட்டியிருக்கிறது. மூன்று பள்ளிகள், மூன்று சோதனைகள், பதினேழு வயது நிரம்பியவர்களுக்கே அனுமதி என எல்லாம் ஒழுங்காக அறிவிக்கப்பட்ட பிறகு, போட்டியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மந்திரக் கோப்பை நான்காவதாகப் பதினான்கு வயது ஹாரியின் பெயரை உமிழ்கிறது. டிராகன் காட்டுக்குள் இருப்பதும், அடுத்த சோதனைக்கான துப்பு அடங்கிய முட்டையை நீருக்கடியில் திறக்க வேண்டும் என்பதும், ஏரிக்குள் மூச்சுவிட உதவும் கில்லிவீட் என்ற செடியும் அவனுக்குப் பிறர் வழியாகவே கிடைக்கின்றன. அவை அனைத்தையும் ஒருவனே திட்டமிட்டு அனுப்பினான் என்பது பின்னர் வெளிப்படுகிறது. வெற்றி விதிக்குள்ளிருந்து பிறக்கவில்லை என்ற குறை, இங்கே கதையின் கருவாகவே மாறிவிடுகிறது. எனினும் சோதனைகளைப் படமாக்கியதில் எனக்கு வருத்தம் உண்டு. டிராகன் சங்கிலியை அறுத்துக்கொண்டு கோட்டைக் கூரைகளின் மேல் ஹாரியைத் துரத்தும்போது, அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்குப் போட்டியே கண்ணில் படுவதில்லை. 2000-இல் வெளிவந்த நாவலில் ஸ்பிங்ஸின் விடுகதையும் விதவிதமான உயிரினங்களும் நிறைந்திருந்த புதிர்ப்பாதை, படத்தில் நகரும் வேலிகளாகவும் மூடுபனியாகவும் சுருங்கிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் மோதல் அந்தக் குறையை ஈடுசெய்கிறது. துவந்த யுத்தத்தின் முறைப்படி முதலில் தலைவணங்க வேண்டும் என்று சொல்லி, ஹாரியின் பரம எதிரியான வோல்டமோர்ட் மந்திரத்தாலேயே சிறுவனின் முதுகை வளைக்கிறான். விதி என்ற பெயரில் இழைக்கப்படும் கொடுமை இது. ஹாரியைக் காப்பாற்றும் மந்திரக்கோல்களின் பிணைப்பும் திடீரென முளைத்ததன்று. இரண்டு கோல்களிலும் ஒரே பீனிக்ஸின் இறகுகளே உள்ளன என்பது 2001-இல் வந்த முதற்படத்திலேயே சொல்லப்பட்டது. பின்னர் கொல்லப்பட்ட சக போட்டியாளன் செட்ரிக்கின் உடலோடு ஹாரி அரங்கில் வந்து விழும்போது, போட்டி முடிந்துவிட்டதாக எண்ணி வாத்தியக்குழு முழங்குகிறது; கூட்டம் ஆரவாரிக்கிறது, ஒரு பெண்ணின் அலறல் கேட்கும்வரை.