வண்டி இருக்கு, விடத்தான் இடமில்லை: தெற்கே ஐந்து குளிர்காலங்கள்

குளிர்காலத்துக்கு அமெரிக்காவின் தெற்கே போய்வர 2019 செப்டெம்பரில் ஒரு பழைய ட்ரெய்லர் வாங்கினோம். 26 அடி நீளம், 2012 மொடல். கட்டில், சமையலடி, குளியலறை எல்லாம் உள்ளே. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே மனைவி அதற்குத் 'தேர்' என்று பெயர் வைத்துவிட்டார். இழுத்துக்கொண்டு புறப்படலாம், இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாடு என்ற அர்த்தத்தில். அப்போது சிரித்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஏற்றிய எடை 2,900 கிலோ. ஒன்ராறியோவின் சாதாரண ஜி லைசென்ஸில் 4,600 கிலோ ட்ரெய்லர் வரை இழுக்கலாம் என்பதால் தனிப் பரீட்சை தேவைப்படவில்லை. ஐந்து குளிர்காலத்தில் ரயர் ஒருமுறை முழுதாக மாற்றினேன், கூரை விளிம்புப் பசையை வருடாவருடம் பார்க்கிறேன். ஒருமுறை சில்லு பெயரிங் சூடாகி ஒகையோவில் ஒரு நாள் போனது. மின்சாரம் 30 ஆம்ப்தான். ஹீற்றரும் கேத்தலும் ஒன்றாகப் போட்டால் விளக்கு அணையும். உள்ளே புட்டு அவித்தால் சுவரெல்லாம் வியர்க்கும், ஜன்னலைத் துடைக்க ஒரு துவாய் வேண்டும். மீன் பொரிப்பது வெளியே, மழை பெய்தாலும் வெளியே.

நவம்பர் கடைசியில் கிளம்பும்போது பைப்புகளில் தண்ணீர் இருக்கக்கூடாது, உறைந்து வெடிக்கும். தண்ணீருக்குப் பதில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஓடவிட்டு அடைத்துக்கொண்டுதான் 75ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இறங்குவோம். கென்டக்கியில் இரவு மைனஸில் போகும். போத்தல் தண்ணீரில் பல் துலக்கி, பெற்றோல் நிலையக் கழிப்பறையை நம்பி இரண்டு நாள். ஜோர்ஜியாவின் தெற்கு முனையில், வல்டோஸ்டா தாண்டும் முன், இப்படியான வண்டிகள் தங்கும் ஒரு பார்க்கில் நிறுத்திக் குழாயைத் திறப்பேன். முதலில் ரோஸ் நிறமாக நுரைத்து வரும், பிறகு வெளிறும், பிறகு தெளிந்த தண்ணீர். மனைவி கையை நீட்டிப் பார்த்து, "இனித் தேத்தண்ணி வைக்கலாம்" என்பார். எங்களுக்குக் குளிர்காலம் அந்த இடத்தில் முடிகிறது.

முதல் வருடம் எல்லையில் கறிவேப்பிலைப் பையை எடுத்துவிட்டார்கள். தவறு என்னுடையது. தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும், அதனால் பச்சை இலை கொண்டுபோகத் தடை. 2005இல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அங்கே தோடைத் தோட்டங்கள் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. பிறகு செப்ரிங் பக்கத்தில் அந்தத் தோட்டங்களைப் பார்த்தபோது அதிகாரி மேல் இருந்த கோபம் போய்விட்டது. இப்போது காய்ந்த இலையும் கொண்டுபோவதில்லை, கேள்விக்கு நின்று பதில் சொல்லச் சோம்பல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்வி, அதாவது இப்படியான வீட்டு வண்டி, வாங்க நினைக்கிற நம்மவர்கள் என்னிடம் கேட்பது எல்லாம் எந்தக் கொம்பனி, எத்தனை அடி, எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்பதுதான். ஜனவரி 15ஆம் திகதி அதை எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "அங்கை பார்க் எத்தனையோ இருக்கே அண்ணை" என்கிறார்கள். இருக்கின்றன. ஆனால் அவற்றில் ஆள் இருக்கிறது.

தனியார் பார்க்குகளில் ஒரு எழுதாத வழக்கம் உண்டு. இந்தக் குளிர்காலம் ஒரு சைட்டில், அதாவது வண்டி நிறுத்தும் இடத்தில், இருந்தவருக்குத்தான் அடுத்த குளிர்காலமும் அந்தச் சைட்டில் முதல் உரிமை. மார்ச்சில் கிளம்பும்போதே முற்பணம் கட்டிவிட்டுப் போய்விடுவார். புதிதாகப் போகிறவருக்குக் கிடைப்பது செத்தவர், நோயில் விழுந்தவர், வண்டியை விற்றவர் விட்டுப்போன இடம். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் அலுவலகப் பெண் எனக்கு இதைச் சிரித்துக்கொண்டேதான் விளக்கினார்.

முதல் குளிர்காலம் இது எதுவும் தெரியாமல் போனோம். செப்ரிங் அருகே ஹைலண்ட்ஸ் ஹாமக் மாநிலப் பூங்காவில் சில இரவுகள், பிறகு ஊருக்குள் ஒரு தனியார் பார்க்கில் மாத வாடகை. பூங்கா 1930களில் திறந்தது, ஓக் மரங்கள் ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கோயில் ஆலமரம் போல. கொவிட் பரவியதால் 2020 மார்ச் 14இல் கனடா அரசாங்கம் எல்லாரும் திரும்பி வாருங்கள் என்றது. அடுத்த வாரம் கிளம்பினோம். 23ஆம் திகதி புளோரிடாவின் மாநிலப் பூங்காக்கள் எல்லாம் மூடின. அப்போது நாங்கள் வீட்டில் தனிமைப்படுத்தலில் இருந்தோம், தேர் முற்றத்தில்.

தரைவழி எல்லை 2021 நவம்பர் 8இல்தான் திறந்தது. அதற்கிடையில் வட அமெரிக்கா முழுக்க ஆர்வி பைத்தியம் பிடித்திருந்தது. 2021இல் மட்டும் 6 இலட்சத்துக்கு மேல் புதிய வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளியே போயின. அத்தனையையும் நிறுத்தப் புதிய பார்க்குகள் அதே வேகத்தில் முளைக்குமா? அந்தக் குளிர்காலத்தில் நான் தொலைபேசியில் கேட்ட பதில்களில் பாதி, காத்திருப்போர் பட்டியலில் போடவா என்பது. 14 நாள் இங்கே, ஐந்து நாள் அங்கே என்று அலைந்தோம். மனைவி ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தார், நான்கு மாதத்தில் 17 இடம். கடைசியில் புளோரிடாவின் வளைகுடாக் கரையில் ஒரு பார்க்கில் அடுத்த குளிர்காலத்துக்கு இடம் கிடைத்தது, மாதம் 1,450 அமெரிக்க டொலர், மின்சாரம் வேறு. முற்பணம் கட்டிவிட்டு நிம்மதியாக வடக்கே வந்தோம்.

2022 செப்டெம்பர் 28இல் இயன் சூறாவளி. அந்தக் கரையோரம் முழுதும் கடல் ஏறியது. எங்கள் பார்க் இருந்த இடத்தில் மின்கம்பங்களின் அடிக்கட்டைகள்தான் நின்றன. கேட்காமலே முற்பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள், சொத்தெல்லாம் போன நேரத்தில் அந்த நேர்மையை மறக்க மாட்டேன். ஆனால் அக்டோபரில் புதிதாக இடம் தேடுவது என்பது, அதுவும் கரையிலிருந்து துரத்தப்பட்ட எல்லாரும் உள்நாட்டில் தேடும்போது...

உள்நாட்டில் ஒரு பார்க் இடம் இருக்கிறது என்றது. வண்டியின் படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். எந்த ஆண்டு என்று கேட்டார்கள். 2012 என்றேன். பத்து வருடத்துக்கு மேலானால் எடுப்பதில்லையாம், அந்தக் கிழமையோடு பத்து முடிந்திருந்தது. இந்தப் பத்து வருட விதி பல தனியார் பார்க்குகளில் உண்டு. வடிவாகத் துடைத்து மினுக்கிய படம் அனுப்பினால் சில இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள், சில இடங்களில் மாட்டார்கள். பழைய வண்டி வாங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் டெக்சாஸின் தெற்கு முனைக்குப் போனோம், ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கு. மிஷன், மக்காலன், ஹார்லிஞ்சன் என்று மெக்சிக்கோ எல்லையோரம் வரிசையாக ஊர்கள். வடக்கிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே 'வின்ரர் டெக்சன்' என்று பெயர், கடைகளில் வரவேற்புப் பலகையே போட்டிருப்பார்கள். கடல் பக்கத்தில் இல்லை, காற்று ஓயாது, பார்க்க அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடம் இருந்தது, புளோரிடா வாடகையில் பாதிக்குக் கிட்ட. வீதியோரத்தில் விற்ற கிரேப் புருட்டைச் சீனியும் உப்பும் போட்டுச் சாப்பிட்டோம். பெரும்பாலும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பார்க்குகள். சட்டப்படி நூற்றுக்கு 80 வீட்டிலாவது ஒருவருக்கு 55 ஆகியிருந்தால் போதும். பேரப்பிள்ளைகள் வந்து தங்க நாள் கணக்கு உண்டு, அதை முதலே கேளுங்கள்.

நாலாவது குளிர்காலம் வீம்புக்கு அரிசோனா போனோம். குவாட்சைட் என்ற பாலைவன ஊருக்குத் தெற்கே லா போசா என்கிற வெளி. அமெரிக்க நில நிர்வாகத் துறையுடைய இடம். செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை செல்லும் ஏழு மாத அனுமதிக்கு நாங்கள் கட்டியது 180 டொலர். ஆமாம், மாதத்துக்கில்லை, மொத்தத்துக்கும். முன்பதிவு கிடையாது, சைட் இலக்கம் கிடையாது, பிடித்த புதர்ப் பக்கத்தில் நிறுத்தலாம். மின்சாரமும் கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தாங்கியைக் கொட்டவும் பொது இடம் இருக்கிறது, அங்கே காலையில் வரிசை நிற்கும். கூரையில் சூரியத் தகடு போட்டேன். சம்பலுக்குக் கிரைண்டர் ஓட்டினால் பற்றரி முனகும், ஆகவே மனைவி ஒரு சிறு உரலும் உலக்கையும் தேடி வாங்கினார். விடியற்காலையில் அவர் இடிக்கிற சத்தத்துக்குப் பக்கத்து ஆல்பேர்ட்டாக்காரர் கதவைத் திறந்து கொடி அசைப்பார்.

அந்த ஊர் மயானத்தில் ஒரு கற்கூம்பு, உச்சியில் ஒட்டகம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் படைக்கு ஒட்டகம் மேய்க்க வந்த ஹாஜி அலி என்பவரின் நினைவுச்சின்னம். ஊரார் வாயில் அவர் பெயர் 'ஹாய் ஜாலி' ஆகிவிட்டது. எங்கள் பெயர்களை இங்கே என்ன பாடு படுத்துகிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

இடப் பிரச்சினைக்கு நான் கண்டதில் நேரான பதில் லா போசாதான். ஆனால் ஸ்காபரோவிலிருந்து நாலாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்ட, ஆஸ்பத்திரி தூரம், மனைவிக்கு முழங்கால். இரண்டாம் முறை போகவில்லை.

ஐந்தாவது, 2024-25, திரும்பப் புளோரிடா. இந்த முறை மாநிலப் பூங்காக்களை மட்டும் குறிவைத்தேன். முன்பு எல்லாருக்கும் 11 மாதம் முன்னே பதிவு திறக்கும். 2024 தொடக்கத்திலிருந்து அந்த 11 மாதம் புளோரிடாவாசிகளுக்கு மட்டும், மற்றவர்களுக்கு 10. பெப்ரவரி நாளைப் பிடிக்க ஏப்ரலில் காலை 8 மணிக்குக் கணினி முன் இருக்கவேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்பே உள்ளூர்க்காரர் நல்லதைப் பொறுக்கியிருப்பார்கள். நான் நல்லதைத் தேடவில்லை. கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பூங்கா, ஞாயிறு முதல் வியாழன் வரை, இரண்டிரண்டாக மூன்றுமூன்றாக. பிறகு இரத்தாகும் இடங்களைப் பார்த்து இடைவெளியை நிரப்பினேன். எங்கள் அனுபவத்தில் பயணத் திகதிக்கு முந்திய மூன்று நான்கு நாளில்தான் அதிகம் விழும். 26 அடி என்பதால் கிடைத்தது. 40 அடி பஸ் போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நீளம் குறைந்த வண்டிக்கு இடம் கூட, இதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

அக்டோபர் 9இல் மில்ற்றன் சூறாவளி வந்து இரண்டு பதிவுகளைக் கொண்டுபோனது. பணம் திரும்பி வந்தது. ஆனால் 2025 பெப்ரவரி கடைசியிலிருந்து வேறொன்று கவனித்தோம்: கியூபெக் இலக்கத் தகடுகள் குறைந்துபோயின. கனடாவைப் பற்றிய அமெரிக்க அரசியல் பேச்சால் மனம் நொந்தவர்கள் பாதியில் கிளம்பினார்கள், கனடிய டொலர் 70 அமெரிக்கச் சதத்துக்கு விழுந்ததில் மற்றவர்கள். ஒரு தனியார் பார்க் அலுவலகத்தில், மூன்று வருடம் முன் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டவர்கள், எந்தச் சைட் வேண்டும் என்று வரைபடத்தை விரித்தார்கள். ஏப்ரல் 11 முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனடியர்கள், எல்லையில் கொடுக்கும் நுழைவுப் பதிவு (I-94) இல்லாவிட்டால் தனியாகப் பதிந்துகொள்ளவேண்டும் என்ற விதியும் வந்தது. நாங்கள் அதற்கு முதலே வீடு.

நாள் கணக்கையும் சொல்லவேண்டும். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதிக்கு 12 மாதத்தில் 212 நாள் வரை வெளியே இருக்கலாம். அமெரிக்க வரித் துறையின் கணக்கு வேறு: இந்த வருட நாள், போன வருடத்தில் மூன்றிலொன்று, அதற்கு முந்தியதில் ஆறிலொன்று, கூட்டி 183 தொடக்கூடாது. வருடம் 120 என்றால் 120, 40, 20, மொத்தம் 180. தொட்டால், வரிக்கு நாங்கள் அமெரிக்க வதிவாளர் இல்லை, கனடாவோடுதான் நெருக்கம் என்று காட்ட ஜூன் 15க்குள் 8840 படிவம். எங்கள் கொப்பியில் 120க்கு மேல் போனதில்லை.

தேர் இப்போது அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் ஒரு பண்ணையில் நிற்கிறது. டெக்சாஸ் பார்க்கிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பழைய சைட்டை செப்டெம்பர் 1 வரை வைத்திருக்கிறார்களாம், 13 வயது வண்டியானாலும் பரவாயில்லையாம். "காத்துதான் கரைச்சல், மற்றும்படி நல்ல சனம்" என்கிறார் மனைவி. காசோலை எழுதி மேசையில் கிடக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.