மேடு பள்ளத்தில் கேரவனைக் கழற்ற: பந்தா, பின்னா?

காரின் பின்னால் இழுத்துப்போகும் வீட்டுவண்டிதான் கேரவன்; அதைக் காரோடு பிணைக்கும் பூட்டு கப்ளிங். சமதளத்தில் எந்தக் கப்ளிங்கும் நல்ல கப்ளிங்தான். கான்கிரீட் தரையில், கேரவனின் மூக்கை, அதாவது முன்முனையை, தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலின் கைப்பிடியைச் சுற்றினால் மூக்கு மேலே வரும், கார் விடுபடும், டீ போடப் போகலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வில்பெனா மாதிரி மரத்தடி முகாம்களில் கதை வேறு. ஒரு சக்கரம் வேர்மேட்டில் ஏறியிருக்கும், இன்னொன்று பள்ளத்தில் இறங்கியிருக்கும். வாங்கிய சாமானின் குணம் அங்கேதான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் அதிகம் புழங்கும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, காரின் பின்னால் எல்லோரும் பார்த்திருக்கும் 50 மி.மீ. இரும்புப் பந்து. இன்னொன்று, காட்டுப்பாதைக்காரர்கள் விரும்பும் டிஓ35. இதில் காரின் பக்கம் பந்துக்குப் பதிலாக மேல்நோக்கி நிற்கும் பின், அதாவது ஓர் இரும்பு முளை. இரண்டிலும் 3,500 கிலோ வரை இழுக்கலாம். அதனால் எடையை வைத்து முடிவுசெய்ய முடியாது.

பந்தின் குறை இது. பந்தைக் கவ்வும் கிண்ணம் கேரவனின் சட்டத்தோடு அசையாமல் பிணைந்திருக்கும். கேரவன் ஒரு பக்கம் சாய்ந்தால் கிண்ணமும் சாயும், பந்து உள்ளே கோணலாகச் சிக்கும். போதாததற்கு, மூக்கின் எடை காரைவிட்டு நீங்க நீங்கக் காரின் பின்பக்க ஸ்பிரிங் எழும்பும். 2,500 கிலோ கேரவனுக்கு மூக்கில் 250 கிலோ இருப்பது சாதாரணம். நீங்கள் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பந்தும் கிண்ணத்தை விடாமல் கூடவே மேலே வரும். புதிதாக வாங்கியவர்கள் இங்கேதான் "பூட்டு கெட்டுப்போச்சு" என்று சுத்தியலைத் தேடுவார்கள்.

டிஓ35-இல் பின்னைக் கவ்வும் தலை கேரவனின் சட்டத்தோடு இறுகியிருக்காது. மேலும் கீழும் மடங்கும், தன் அச்சில் சுழலவும் செய்யும். கேரவன் சாய்ந்து நின்றாலும் தலை பின்னுக்கு நேராகவே இருக்கும். சாய்வு என்ற ஒரு விஷயத்தில் இது தெளிவாக ஜெயிக்கிறது. ஆனால் சரிவில் கேரவன் காரைத் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ நின்றால், பின்னின் மேல் அழுத்தம் விழுந்து பூட்டுக் கைப்பிடி அசையவே அசையாது. காலையில் மறுபடி மாட்டும்போதும் பின் துளைக்கு நேர் கீழே வரவேண்டும். பந்துக்கு அவ்வளவு கறார் கிடையாது, கொஞ்சம் விலகியிருந்தாலும் தானே வழுக்கி உட்காரும்.

அந்த அழுத்தத்தை எடுக்க வழி ஒன்றுதான், இரண்டுக்கும் பொது. கேரவன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கேரவனின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அதன் பாரம் கட்டையில் போய் உட்கார விடவேண்டும். அப்புறம் காரை இரண்டு விரற்கடை நகர்த்தினால் கைப்பிடி வெண்ணெய் மாதிரி திறக்கும். நான் ஒருமுறை இதைச் செய்யாமல், கைப்பிடியைக் காலால் உதைத்துத் திறந்தேன். திறந்தது. மூக்கு ஒரு சாண் பக்கவாட்டில் துள்ளி, ஜாக்கி வீல் பலகையிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போனது. என் மனைவி அன்றிலிருந்து கட்டைகளைத் தன் கையாலேயே வைக்கிறாள்.

உண்மையில், கப்ளிங்கைவிட மூக்கைத் தாங்குவது எது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஜாக்கி வீலா, தட்டையான கால் வைத்த ஜாக்கா? சக்கரம் மணலில் புதையும், சரிவில் உருளும். கால் புதையாது, உருளாது. அப்படியானால் கால்தானே? இல்லை. கழற்றும் நொடியில் கேரவன் கொஞ்சமாவது அசையும். சக்கரம் கூடவே நகர்ந்துகொடுக்கும். கால் நகராது, வளைந்துபோகும். என் ஓட்டு இரட்டைச் சக்கர ஜாக்கி வீலுக்கு, அடியில் ஒரு தடித்த பலகையோடு. நின்றபின் வேண்டுமானால் காலையும் இறக்கிக்கொள்ளலாம்.

மட்டம் பார்ப்பதில் இரண்டு கட்சி கிடையாது. ரசமட்டத்தை வைத்து, இடவல மட்டத்தை கார் மாட்டியிருக்கும்போதே, தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ராம்ப்பில் (சரிவுக்கட்டையில்) ஏற்றிச் சரிசெய்யவேண்டும். கழற்றியபின் காரால் ஏற்ற முடியாது. முன்பின் மட்டம் பிறகு, ஜாக்கி வீலால். நான்கு மூலைக் கால்களால் கேரவனைத் தூக்கப் பார்க்காதீர்கள், அவை ஆட்டத்தை நிறுத்த மட்டும்தான்.

எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகள் வைத்திருக்கும் பந்துக்காரர்களுக்கு ஒரு வேலை கூடுதல். மாட்டியபடியே மூக்கை உயர்த்தி, கம்பியின் விறைப்பு குறைந்தபின்தான் அதை எடுக்கவேண்டும். பள்ளத்தில் நின்று அவசரமாக எடுத்தால் கம்பி தெறித்து முழங்காலைப் பதம்பார்க்கும்.

எதை வாங்கலாம்? வருஷத்தில் பெரும்பாலும் கேரவன் பார்க்கில் நிறுத்துகிறவர்கள் பந்தையே வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் நல்ல ஜாக்கி வீலும் அகலமான கட்டைகளும் வாங்கலாம். மண்பாதையில் மாதக்கணக்கில் திரிகிறவர்களுக்கு டிஓ35. எதுவானாலும் காரையும் கேரவனையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலியைக் கடைசியில் கழற்றுங்கள்: கப்ளிங் முழுதாக விடுபட்டு, கேரவன் நகரவில்லை என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்த பிறகு.