ரூலர் குவில்ட்டிங்: துணியில் கோடு போடுவதா, ரூலர் கோட்டை நம்புவதா?

பல அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்கும் குவில்ட்டில், தடித்த ரூலரின் விளிம்பை ஒட்டி மெஷினில் தைப்பதுதான் ரூலர் குவில்ட்டிங். இதில் தையல் வரிசைகளுக்கு நடுவே ஒரே இடைவெளி வர இரண்டு வழிகள் உண்டு. துணியில் எல்லாக் கோடுகளையும் முன்பே வரைந்துகொள்ளலாம். இல்லையென்றால், ரூலரில் செதுக்கியிருக்கும் கோட்டைத் தைத்து முடித்த வரிசைமேல் பொருத்தி, அடுத்ததைத் தைக்கலாம்.

எந்த வழியானாலும் ஒரு கணக்கு மாறாது. ரூலர் ஃபுட்டின் (ரூலர் விளிம்பை ஒட்டி நகரும் மெஷின் பாதத்தின்) வட்டம் பொதுவாக அரை அங்குல விட்டம், ஊசி அதன் நடுவில். ஆகவே தையல் ரூலர் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் விழும். வரைந்த கோட்டின்மேலேயே விளிம்பை வைத்தால் எல்லாம் விலகிப்போகும்.

வரைவது மெதுவான வேலை. சாக் கை பட்டு அழியும். இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாக் கோடு கடுங்குளிரில் திரும்பத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு கோடும் தனியாக அளந்தது, ஒன்றின் பிழை அடுத்ததைத் தொடாது.

ரூலர் கோடு வேகமானது. ரூலர் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே இருக்கும் கோட்டை முந்தைய தையல்மேல் வைத்தால் அடுத்தது சரியாக அரை அங்குலத்தில் விழும். சிக்கல், பிழை சேர்ந்துகொண்டே போவது: வரிசைக்கு 1 மி.மீ. ஒரே பக்கம் விலகினால் 10 வரிசையில் 1 செ.மீ.! ஓரத்துக்கு வரும்போது சாய்வு பளிச்சென்று தெரியும்.

சின்னப் பகுதிகளுக்கு ரூலர் கோடே போதும், வரைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய குவில்ட் என்றால் நாலைந்து வரிசைக்கு ஒரு கோடு மட்டும் வரைந்து, அங்கே வந்ததும் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அப்புறம், ரூலருக்கு அடியில் வழுக்காத டேப் ஒட்ட மறக்காதீர்கள்.