சட்டத் திரையா, சுருள் திரையா: வெள்ளவத்தை மண்டபத்துக்கு வாங்கியதை வைத்து ஓர் அலசல்

எங்கள் சங்க மண்டபத்துக்குப் புரொஜெக்டர் திரை பார்க்கத் தொடங்கியபோது கேட்ட ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சுருள் திரையைத்தான் சொன்னார்கள். நாங்கள் வாங்கியது அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற நிலையான திரை, இன்னொரு தடவை வாங்க நேர்ந்தாலும் அதைத்தான் வாங்குவேன். வார நாளில் கூட்டம், சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு வகுப்பு என்று ஓயாமல் பாவிக்கிற இடம் இது, அதுவும் கொழும்பு மரைன் டிரைவுக்குப் பக்கத்தில், யன்னலைத் திறந்தால் கடற்காற்று.

சுவரே போதாதா என்று கேட்பவர்களுக்கு: பூச்சு நேராக இருந்து, மினுங்காத வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தால் வீட்டில் கிரிக்கெட் பார்க்கப் போதும். மினுங்குகிற பெயின்ட் என்றால் நடுவில் வெளிச்சம் திட்டாக விழும். மூன்றுகால் ஸ்டாண்ட் திரை, இடத்துக்கு இடம் காவிக்கொண்டு போய்ப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு நல்லது, மேல்முனையை முன்னுக்குச் சரிக்கிற கை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் படம் மேலே அகன்று விழுவது குறையும். ஆனால் ஃபான் சுற்றும்போது துணி ஆடிக்கொண்டே இருக்கும், ஏசி இல்லாத மண்டபத்தில் ஃபானை நிற்பாட்டவும் முடியாது.

சரி, சுருள் திரைக்கு வருவோம். அதன் பெரிய வசதி, பாவித்து முடிந்ததும் மேலே போய்விடும், சுவர் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். விலையும் குறைவு. பிரச்சினை துணியின் சமதளத்தில்தான். மேலே ஓர் உருளை, கீழே ஒரு கம்பியின் பாரம், இரண்டு பக்கமும் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. கொஞ்ச காலத்தில் ஓரங்கள் உள்ளே சுருளத் தொடங்கும், நடுவில் வி எழுத்துப் போல அலை விழும். திரைப்படம் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாமல் போகலாம், எங்களைப் போலக் கணக்கு அட்டவணை போடுகிறவர்களுக்குக் கட்டாயம் படும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் கடைசி நிரலின் கோடு வில்லாக வளைந்து, இலக்கங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும், பின்வரிசையில் இருப்பவர் 3ஆ 8ஆ என்று கேட்க வேண்டிவரும். ஈரக் காற்றோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணப் புள்ளியும் பிடிக்கும். மே மாத மழையிலும் ஒக்டோபர் மழையிலும் அதை விரித்துக் காயவிட யாருக்கு ஞாபகம் வரும்? அப்புறம் ஸ்பிரிங். இழுத்துவிட்டுக் கையை எடுக்கிற ஒருவர் போதும், படாரென்று மேலே ஏறி அடிக்கும். வாங்குவதென்றால் மெதுவாக ஏறுகிற வகையாகப் பாருங்கள்.

மோட்டரால் ஏறி இறங்குகிற சுருள் திரையை நான் மற்றவர்களின் இடங்களில்தான் பாவித்திருக்கிறேன், அதனால் உப்புக் காற்றில் மோட்டர் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் நூல் போட்டு இழுத்துப் பிடிக்கிற வகை அலைப் பிரச்சினையைத் தீர்க்கிறது, ஆனால் விலை நன்றாக ஏறிவிடும், சீலிங் பக்கத்தில் பிளக் பொயின்டும் போட வேண்டும்.

சட்டத் திரையில் உருளை இல்லை, ஸ்பிரிங் இல்லை, நான்கு பக்கமும் ஒரே இழுப்பு. சுற்றியிருக்கிற கறுப்பு வெல்வெட் ஓரம் வெளியே சிந்துகிற வெளிச்சத்தை விழுங்கிவிடும். பராமரிப்பு என்றால் தூசும் பல்லியும்தான். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், காலையில் வந்து பார்த்தால் வெள்ளைத் துணியில் கறுப்பாக எச்சம். காயவிட்டுத் தட்டி எடுத்து, சவர்க்காரம் கொஞ்சம் கலந்த தண்ணீரில் மென்துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்தால் போய்விடும். தின்னர், ஸ்பிரிட் பக்கமே போகக்கூடாது. துணி பழுதானாலும் சட்டம் அப்படியே இருக்கும், துணியை மட்டும் மாற்றலாமா என்று வாங்குமுன் கடையில் கேட்டு வைப்பது நல்லது. இழப்பு ஒன்று உண்டு: நடுச்சுவர் போய்விடும். எங்கள் வெள்ளைப் பலகை பக்கச் சுவருக்குப் போய்விட்டது, கணித ஆசிரியருக்கு அதில் இன்னும் மனக்குறைதான். ஒரே சுவரில் இரண்டும் வேண்டுமென்றால் சுருள் திரையைத் தவிர வேறு வழியில்லை.

அளவு பற்றி: கடைசி வரிசைக்கான தூரம் படத்தின் உயரத்தைப் போல 6 மடங்குக்குள் இருந்தால் எழுத்து வாசிக்கலாம். அகலமும் உயரமும் 16:10 என்ற அளவில், மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரையின் உயரம் 53 அங்குலம், ஆகவே 26 அடி வரைக்கும் சரி. 120 அங்குலம் ஆசையாக இருக்கும், ஆனால் முன்வரிசைத் தலைகள் மறைக்காமல் தரையிலிருந்து 4 அடி விட்டால் 9 அடி சீலிங்கில் அது அடங்காது. கடையில் கெய்ன் (வெளிச்சத்தை நேர் முன்னே திருப்பி அனுப்புகிற அளவு) கூடியது என்று காட்டுவார்கள், அகலமாக ஆட்கள் உட்காருகிற இடத்தில் அது ஓரத்தில் இருப்பவர்களுக்கு மங்கும். கெய்ன் 1.0 உள்ள சாதாரண மட் வெள்ளை போதும்.

துணியை மாட்டும்போது ஒரு மூலையில் தொடங்கி இழுத்துக்கொண்டே போகாதீர்கள், கோணலாகச் சுருக்கம் விழும். ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும் எதிரெதிராக மாட்டிவிட்டு மூலைகளுக்குப் போங்கள், இரண்டு பேர் வேண்டும். சுவரில் துளை போட பாஸை (வேலைக்காரரை) கூப்பிடுவதற்கு முன்னால் புரொஜெக்டரை அதன் இடத்தில் வைத்து, படத்தை வெறுஞ்சுவரில் விழுத்தி, மூலைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தை மாட்டிய பிறகு, கோணலான படத்தைப் புரொஜெக்டருக்குள்ளேயே சரிசெய்கிற கீஸ்டோனால் நேராக்கினால் சின்ன எழுத்துகள் மங்கிவிடும், நேராக்க வேண்டியது புரொஜெக்டர் இருக்கிற இடத்தைத்தான்.